எந்த போஸ்? ஒரே குடும்பப் பெயர் கொண்ட பிரபலங்களைக் குழப்பாமல் அடையாளம் காண முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டில் போஸ் என்றதும் இராணுவ உடையும் மூக்குக் கண்ணாடியுமாக நேதாஜிதான் நினைவுக்கு வருவார். மலாயாவிலும் பர்மாவிலும் இருந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அவருடைய படையில் சேர்ந்தார்கள். பிறந்த பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தார்கள். அந்த அன்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அதே பெயரில் இன்னும் பல பெரிய மனிதர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். இயற்பியலின் அடிப்படையையே மாற்றியவர், செடியின் வளர்ச்சியைக் கருவி வைத்து அளந்தவர், அரசியல் சாசனத்தின் ஏடுகளுக்கு ஓவியம் தீட்டியவர், பதினெட்டு வயதில் தூக்குமேடை ஏறியவர் என்று அந்த வரிசை நீள்கிறது. ஒருவர் செய்த வேலை இன்னொருவர் கணக்கில் எழுதப்படுவது அந்த மனிதருக்கு நாம் செய்கிற அநியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், பாடம் நடத்துபவர்கள், கட்டுரை எழுதுபவர்கள், மொழிபெயர்ப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டு போஸ் என்றாலும் இதே வழிமுறை மேனன், ராவ், ராய் போன்ற பெயர்களுக்கும் உதவும்.

படி 1: இது குடும்பப் பெயர்தானா என்று பாருங்கள்

முதல் சிக்கல் நம் வீட்டிலேயே இருக்கிறது. வங்காளத்தில் போஸ் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பப் பெயர். தமிழிலும் தெலுங்கிலும் அது ஒருவருடைய சொந்தப் பெயர். தமிழ்ப் படங்களுக்கு இசையமைத்த சந்திரபோஸை எடுத்துக்கொள்ளுங்கள். ‘நாட்டு நாட்டு’ பாடலை எழுதி 2023-இல் ஆஸ்கர் விருது பெற்ற தெலுங்குக் கவிஞர் சந்திரபோஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். இருவரையும் ‘போஸ் குடும்பம்’ என்று எங்கும் சேர்க்க முடியாது. அவர்களுக்கு அது வீட்டில் கூப்பிட வைத்த பெயர்.

அதனால் மதுரைப் பக்கத்து ஆவணம் ஒன்றில் ‘மு. போஸ்’ என்று இருந்தால், மு என்பது அப்பாவின் பெயருக்கான தலைப்பெழுத்து, போஸ் என்பது ஆளின் பெயர். கொல்கத்தா ஆவணத்தில் ‘எஸ். என். போஸ்’ என்று இருந்தால் நிலைமை தலைகீழ். முன்னால் இருக்கும் எழுத்துகளில்தான் ஆளே இருக்கிறார்.

சொந்தப் பெயரும் குடும்பப் பெயரும் வங்காளத்திலேயே இடம் மாறிக் குழப்புவதும் உண்டு. இந்தித் திரைப்பட இயக்குநர்கள் பாசு சாட்டர்ஜி, பாசு பட்டாச்சார்யா இருவருக்கும் பாசு என்பது முதற்பெயர். ஜோதி பாசுவுக்கு அது குடும்பப் பெயர். பட்டியல் போடும்போது இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் விட்டால் மேற்கு வங்கத்தை 1977 முதல் 2000 வரை ஆண்ட முதலமைச்சரும் இரண்டு சினிமா இயக்குநர்களும் ஒரே வரிசையில் வந்து நிற்பார்கள்.

படி 2: எழுத்துக்கூட்டல் வேறுபாடுகளை ஒன்றாகச் சேருங்கள்

பாசு, போசு, போஸ் மூன்றும் வங்காளத்தில் ஒரே பெயர்தான். ஆங்கிலேயர் காலத்தில் ஆங்கிலத்தில் எழுதியபோது சிலர் போஸ் என்று எழுதினார்கள், சிலர் பாசு என்று எழுதினார்கள். நந்தலால் போஸை நந்தலால் பாசு என்றும், ராஜ்நாராயண் பாசுவை ராஜ்நாராயண் போஸ் என்றும் பழைய புத்தகங்களில் பார்க்கலாம். ஆள் ஒருவரே.

தமிழில் தேடும்போது இது இன்னும் பெருகும். ஜகதீச சந்திர போஸ், ஜகதீஷ் சந்திரபோஸ், ஜெகதீஷ் சந்திர போஸ் என மூன்றும் புழக்கத்தில் உள்ளன. சத்யேந்திர நாத், சத்தியேந்திரநாத் என்றும், ராஷ் பிஹாரி, ராஸ்பிகாரி என்றும் வரும். ஒரு வடிவத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு தேடுங்கள்.

ஐரோப்பாவில் இருக்கும் பெயரைத் தனியே பிரித்துவிடலாம். ஸ்பெயின் பாடகர் மிகேல் போஸே, ஹிட்லர் ஆட்சியில் 1934-இல் கொல்லப்பட்ட ஜெர்மானிய அதிகாரி ஹெர்பர்ட் ஃபான் போஸே ஆகியோருக்கும் வங்காளத்துக்கும் தொடர்பில்லை. தமிழில் ‘போஸே’ என்று எழுதினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

படி 3: தலைப்பெழுத்துகளை விரித்து எழுதுங்கள்

இந்த வேலைக்கு ஐந்து நிமிடம் கூட ஆகாது, ஆனால் பெரும்பாலான பிழைகள் இங்கேதான் பிடிபடும்.

ஜே. சி. போஸ் என்றால் ஜகதீஷ் சந்திர போஸ் (1858–1937).
எஸ். என். போஸ் என்றால் சத்யேந்திர நாத் போஸ் (1894–1974).
ஆர். சி. போஸ் என்றால் கணிதவியலாளர் ராஜ் சந்திர போஸ் (1901–1987).
டி. எம். போஸ் என்றால் இயற்பியலாளர் தேவேந்திர மோகன் போஸ் (1885–1975).
ஏ. ஜி. போஸ் என்றால் ஒலிபெருக்கி நிறுவனம் தொடங்கிய அமர் கோபால் போஸ் (1929–2013).

எஸ். சி. போஸ் என்று வந்தால் நிதானியுங்கள். சுபாஷ் சந்திர போஸும் எஸ். சி. போஸ்தான். அவருடைய அண்ணன், வழக்கறிஞர் சரத் சந்திர போஸும் (1889–1950) எஸ். சி. போஸ்தான். இருவரும் காங்கிரஸில் இருந்தார்கள், இருவரும் சிறை சென்றார்கள், இருவரும் வங்காள அரசியலின் முன்வரிசையில் நின்றார்கள். 1946-இல் அமைந்த இடைக்கால அரசில் சில வாரங்கள் அமைச்சராக இருந்த போஸ் சரத் சந்திரர். நேதாஜி அமைச்சரவையில் இருந்தார் என்று எங்காவது எழுதியிருந்தால் இந்தத் தலைப்பெழுத்துதான் காரணமா என்று முதலில் பாருங்கள். (சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் அறிவித்தவர் சுபாஷ். அது வேறு அரசு.)

இன்னொரு நுணுக்கம். பட்டங்களும் தலைப்பெழுத்தாக மாறிவிடும். சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டிச் செல்லும் என். எஸ். சி. போஸ் சாலையில் அந்த ‘என்’ எங்கிருந்து வந்தது? நேதாஜி என்பதன் முதல் எழுத்து. கொல்கத்தாவில் ஏ. ஜே. சி. போஸ் சாலை இருக்கிறது. அந்த ‘ஏ’ ஆச்சார்யா. அதாவது ஆச்சார்ய ஜகதீஷ் சந்திர போஸ் சாலை. இவற்றை அப்பா பெயர் என்று நினைத்து விரித்துவிடக் கூடாது.

‘சந்திர’ என்ற நடுப்பெயரை நம்பி ஆளைப் பிரிக்கப் பார்க்காதீர்கள். ஜகதீஷ், சுபாஷ், சரத், ராஜ் நால்வருக்கும் அது உண்டு.

படி 4: ஆண்டையும் ஊரையும் கேளுங்கள்

முழுப்பெயர் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். முடியவில்லை. சத்யேந்திரநாத் போஸ் என்ற அதே முழுப்பெயரில் இன்னொருவர் இருந்தார். மிதினாப்பூரைச் சேர்ந்த புரட்சியாளர், 1882-இல் பிறந்தவர். அலிப்பூர் குண்டு வழக்கில் அப்ரூவராக மாறிய நரேந்திரநாத் கோஸ்வாமியைச் சிறைக்குள்ளேயே சுட்டுக் கொன்றதற்காக 1908 நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். அவர் தூக்குமேடை ஏறியபோது இயற்பியலாளர் சத்யேந்திர நாத் பதினான்கு வயதுப் பையன். ஆண்டைப் பார்த்தாலே போதும், இருவரும் பிரிந்துவிடுவார்கள்.

‘1908-இல் தூக்கிலிடப்பட்ட போஸ்’ என்று மட்டும் சொன்னாலும் விடை ஒன்றல்ல. அதே ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று முசாபர்பூரில் குதிராம் போஸ் தூக்கிலிடப்பட்டார். அவர் 1889 டிசம்பரில் பிறந்தவர். பத்தொன்பது நிறையவில்லை. ஆகஸ்ட் என்றால் குதிராம், நவம்பர் என்றால் சத்யேந்திரநாத். மாதம் வரைக்கும் போக வேண்டியிருக்கிறது.

காங்கிரஸ் தலைவர் போஸ் என்ற குறிப்பும் இப்படித்தான். 1938-இல் ஹரிபுராவிலும் 1939-இல் திரிபுரியிலும் தலைவராக இருந்தவர் சுபாஷ் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1898-இல், நம் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டுக்கு ஒரு போஸ் தலைமை தாங்கினார். அவர் ஆனந்த மோகன் போஸ் (1847–1906). கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் ‘ரேங்லர்’ (முதல் வகுப்பில் தேறியவர்) தகுதி பெற்ற முதல் இந்தியர். சென்னை மாநாடு நடந்தபோது சுபாஷ் கட்டாக்கில் இரண்டு வயது கூட நிறையாத குழந்தை. நம் ஊரிலேயே நடந்த நிகழ்ச்சி என்றாலும் இவரை இங்கே நினைவில் வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு என்பதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

1943 சிங்கப்பூர் என்றால் என்ன செய்வது? ஆண்டும் ஊரும் இரண்டு போஸ்களுக்குப் பொருந்துகிறதே! ஜூலை 4 அன்று நடந்த கூட்டத்தில் இந்திய சுதந்திரக் கழகத்தின் தலைமையை ராஷ் பிஹாரி போஸ் (1886–1945) சுபாஷிடம் ஒப்படைத்தார். ஒரே மேடையில் இருவர். 1912-இல் டெல்லியில் வைஸ்ராய் ஹார்டிஞ்சு மீது குண்டு வீசிய சதியில் தேடப்பட்டு, 1915-இல் ஜப்பானுக்குத் தப்பிப் போய், அங்கேயே மணமுடித்து வாழ்ந்தவர் ராஷ் பிஹாரி. இந்த மாதிரி இடத்தில் செயல்தான் ஆளைக் காட்டும். பொறுப்பைக் கொடுத்தவர் மூத்த போஸ், வாங்கிக்கொண்டவர் நேதாஜி.

ஒரே இடத்தில் இரண்டு போஸ்கள் வேறு வேறு வேலையில் இருந்ததற்கு எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு ஹரிபுரா. மாநாட்டுத் தலைவர் சுபாஷ் சந்திர போஸ். காந்தி கேட்டுக்கொண்டதன் பேரில் மாநாட்டுப் பந்தல்களுக்கு ஓவியம் வரைந்தவர் சாந்திநிகேதனில் இருக்கும் கலாபவன் என்ற கலைப்பள்ளியின் நந்தலால் போஸ் (1882–1966). உழவர், மேளக்காரர், மாட்டைப் பிடித்திருப்பவர் என்று கிராமத்து மனிதர்களைத் தடித்த கோடுகளில், மண்ணின் நிறங்களில் தீட்டிய படங்கள் அவை. ‘ஹரிபுராவின் போஸ்’ என்று ஓவிய நூலில் வந்தால் அது நந்தலால். அரசியல் நூலில் வந்தால் அது சுபாஷ்.

படி 5: பெயர் ஒட்டியிருக்கும் பொருளைப் பிரித்துப் பாருங்கள்

நிறுவனம், விதி, துகள், கருவி என்று ஒரு பொருளின் மேல் பெயர் ஏறிவிட்டால் முதற்பெயர் உதிர்ந்துவிடும். குழப்பம் அதிகம் நடக்கும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

போசான் துகள் (ஒளித்துகள் போன்ற துகள் வகை), போஸ்–ஐன்ஸ்டைன் புள்ளியியல், போஸ்–ஐன்ஸ்டைன் செறிபொருள் (கடுங்குளிரில் உருவாகும் ஒரு பொருள் நிலை) ஆகிய மூன்றும் சத்யேந்திர நாத் போஸுக்கு உரியவை. 1924-இல் டாக்கா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவர், பிளாங்கின் கதிர்வீச்சு விதியைப் புதிய முறையில் வருவித்து, அந்தக் கட்டுரையை நேராக ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் அதைத் தானே ஜெர்மனில் மொழிபெயர்த்து ஆய்விதழில் வெளிவரச் செய்தார். ஒளித்துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுத்த முடியாதவையாகக் கொண்டு எண்ணியதுதான் அதில் இருந்த புதுமை. போசான் என்ற பெயரை வைத்தவர் பால் டிராக். அந்தச் செறிபொருள் ஆய்வுக்கூடத்தில் உருவானது 1995-இல். அதற்கான நோபல் பரிசு 2001-இல் வழங்கப்பட்டது. சத்யேந்திர நாத்துக்கு நோபல் கிடைக்கவில்லை.

பிசிஎச் குறிமுறையில் இருக்கும் போஸ் ராஜ் சந்திர போஸ். தரவு அனுப்பும்போது ஏற்படும் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் குறிமுறை இது. ராஜ் சந்திர போஸும் அவருடைய மாணவர் ராய் சௌதுரியும் ஒரு பக்கம், பிரான்சில் ஹோக்கெங்கெம் தனியாக மறுபக்கம் கண்டுபிடித்தார்கள். நீங்கள் ஸ்கேன் செய்யும் கியூஆர் கட்டத்தின் வடிவத் தகவலைப் பாதுகாப்பது இந்தக் குறிமுறைதான். ஆய்லர் 1782-இல் சொல்லிவிட்டுப் போன ஒரு கணித ஊகம் தவறு என்று 1959-இல் ஸ்ரீகண்டே, பார்க்கர் ஆகியோரோடு சேர்ந்து நிறுவியவரும் இவரே. கணினிப் பாடத்தில் போஸ் என்று வந்தால் இயற்பியல் போஸின் படத்தைப் போட்டுவிடாதீர்கள்.

கொல்கத்தாவின் போஸ் ஆய்வு நிலையம் ஜகதீஷ் சந்திர போஸ் 1917-இல் தொடங்கியது. ரேடியோ அலை, செடியின் வளர்ச்சியை அளக்கும் கிரெஸ்கோகிராஃப் என்றெல்லாம் வந்தால் அவர்தான். 1895-இல் கொல்கத்தா நகர மன்றத்தில், கம்பியில்லாமல் அனுப்பிய அலையால் சுவருக்கு அப்பால் மணி அடிக்கவும் வெடிமருந்து பற்றவும் செய்து காட்டினார். அதே நகரில் எஸ். என். போஸ் தேசிய மையம் என்று 1986-இல் தொடங்கிய இன்னொரு ஆய்வகம் இருக்கிறது. அது சத்யேந்திர நாத் பெயரில். விமான நிலையமோ நேதாஜி பெயரில். ஒரே ஊரில் மூன்று போஸ்களின் பெயரில் மூன்று இடங்கள், தேர்வு எழுதுபவர்கள் கட்டாயம் தனித்தனியாக எழுதிப் பார்க்க வேண்டிய பகுதி இது.

ஹெட்ஃபோனிலும் ஒலிபெருக்கியிலும் இருக்கும் போஸ் அமர் போஸ். அவர் தந்தை வங்காளத்துச் சுதந்திரப் போராளி, அமெரிக்காவுக்குத் தப்பிப் போனவர். அமர் பிலடெல்பியாவில் பிறந்து, எம்ஐடி என்ற அமெரிக்கத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தபடியே 1964-இல் நிறுவனத்தைத் தொடங்கினார். 2011-இல் நிறுவனப் பங்குகளில் பெரும்பகுதியை எம்ஐடிக்கே கொடுத்துவிட்டார்.

படி 6: உறவா இல்லையா? ஆதாரம் கிடைக்கும்வரை இல்லை என்றே வையுங்கள்

வங்காளத்தில் காயஸ்தர் என்ற சாதியினரிடையே போஸ் பரவலான பெயர். நம் ஊரில் ஒரே பெயர் உள்ள இருவரை அண்ணன் தம்பியா என்று கேட்க மாட்டோம். அதே நிதானம் இங்கேயும் வேண்டும். சுபாஷ், சத்யேந்திர நாத், ராஷ் பிஹாரி, குதிராம், நந்தலால், அமர் எல்லோரும் தனித்தனிக் குடும்பங்கள்.

உறவு உறுதியாகத் தெரிந்த கிளைகள் சில உண்டு. கட்டாக்கில் வழக்கறிஞராக இருந்த ஜானகிநாத் போஸின் மக்கள் சரத், சுபாஷ். 1941 ஜனவரி இரவில் வீட்டுக் காவலில் இருந்த சுபாஷைக் காரில் ஏற்றிக் கொல்கத்தாவிலிருந்து தப்ப வைத்த சிசிர் குமார் போஸ் சரத்தின் மகன். சிசிரின் மனைவி கிருஷ்ணா போஸும் மகன் சுகதா போஸும் வெவ்வேறு காலங்களில் ஜாதவ்பூர் தொகுதி மக்களவை உறுப்பினர்களாக இருந்தவர்கள்.

அடுத்தது ஜகதீஷ் சந்திரரின் வட்டம். இங்கேதான் பெயர் நம்மை வேறு விதமாக ஏமாற்றுகிறது. சென்னை மாநாட்டுத் தலைவர் ஆனந்த மோகன் போஸ், ஜகதீஷின் சகோதரி கணவர். டி. எம். போஸ் ஜகதீஷின் சகோதரி மகன். ஜகதீஷுக்குப் பின் 1938 முதல் 1967 வரை போஸ் ஆய்வு நிலையத்தை நடத்தியவர் இவர்தான். தாய்மாமனும் போஸ், மருமகனும் போஸ். ஆனால் டி. எம். போஸுக்கு அந்தப் பெயர் மாமனிடமிருந்து வரவில்லை, அப்பா மோகினி மோகன் போஸிடமிருந்து வந்தது. மோகினி மோகன், ஆனந்த மோகனின் சகோதரர். ‘போஸ் ஆய்வு நிலைய இயக்குநர் போஸ்’ என்ற வரியில் 1937-க்கு முன்னா பின்னா என்று பார்த்தே ஆள் யார் என்று சொல்ல முடியும்.

பெயர் வேறாக இருந்தும் உறவு இருப்பதையும் மறக்க வேண்டாம். புதுச்சேரி அரவிந்தர் கோஷ் குடும்பம். அவருடைய தாய்வழிப் பாட்டனார் ராஜ்நாராயண் பாசு (1826–1899). 1908 நவம்பரில் தூக்கிலிடப்பட்ட சத்யேந்திரநாத்தும் அந்தத் தாய்வழியைச் சேர்ந்தவர்தான். குடும்பப் பெயரை மட்டும் பார்த்தால் இந்த உறவு கண்ணில் படாது. தமிழர்களான சி. வி. ராமனும் சுப்பிரமணியன் சந்திரசேகரும் சித்தப்பா, அண்ணன் மகன் என்பது பெயரைப் பார்த்துத் தெரியுமா என்ன?

உறவு என்று எழுதத் தோன்றும் இடத்தில் வேறொரு பந்தம் இருக்கலாம். சத்யேந்திர நாத், ஜகதீஷ் சந்திரரிடம் பிரசிடென்சி கல்லூரியில் படித்த மாணவர். குரு–சீடர் என்று எழுதுங்கள்.

படி 7: எழுதும்போது

முதல்முறை முழுப்பெயரும் அடைப்புக்குறிக்குள் பிறப்பு, இறப்பு ஆண்டுகளும் கொடுங்கள். அதன் பிறகு ஒரே போஸ் மட்டும் வரும் கட்டுரை என்றால் போஸ் என்று சுருக்கலாம். இரண்டு பேர் வந்துவிட்டால் அந்தச் சுருக்கத்தைக் கைவிட்டு, வங்காளிகள் செய்வதுபோல் முதற்பெயரால் குறிப்பிடுங்கள்: சுபாஷ், சரத், ஜகதீஷ், சத்யேந்திர நாத். மரியாதைக் குறைவாகத் தோன்றினால் ‘ஜகதீஷ் சந்திரர்’ என்று எழுதலாம், தமிழுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒன்று. மூலத்தில் வெறும் போஸ் என்று இருந்தால் அப்படியே விடாதீர்கள். மூல வாசகருக்குச் சூழலிலிருந்து ஆள் புரிந்திருப்பார். தமிழ் வாசகருக்கு நேதாஜிதான் புரிவார். முதற்பெயரைச் சேர்ப்பது உங்கள் கடமைக்குள் அடங்கும்.

அகராதி வரிசையில் வங்காளிகளைப் ‘போஸ், நந்தலால்’ என்று ‘போ’வின் கீழ் வையுங்கள். தமிழ், தெலுங்கு சந்திரபோஸ்களைச் ‘ச’வின் கீழ் வையுங்கள். ‘பாசு’ என்ற இடத்தில் ‘போஸ் என்பதையும் காண்க’ என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். படம் சேர்ப்பதாக இருந்தால் அது எந்த ஆண்டில், எங்கே எடுக்கப்பட்டது என்ற குறிப்பைப் படித்த பிறகே சேருங்கள். குறிப்பு இல்லாத படத்தை விட்டுவிட்டு, குறிப்பு உள்ள படத்தைத் தேடி எடுங்கள்.